பழைய கணினியில் வீட்டு ஃபைல் சர்வர்: தூசி தட்டுவதிலிருந்து ஃபைலை மீட்டுப் பார்ப்பது வரை

வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு ஃபோன், இரண்டு லேப்டாப், மேசை டிராயருக்குள் ஐந்தாறு பென் டிரைவ். போன வருஷம் எடுத்த படங்கள் யாரிடம் இருக்கின்றன என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அதே வீட்டில் அலமாரி மேல் ஒரு பழைய கணினி துணி போர்த்திக் கிடக்கும். விற்றால் காசு வராது, தூக்கிப் போடவும் மனசு வராது. அந்தப் பெட்டியை எல்லார் ஃபைலுக்கும் பொதுவான ஒரே இடமாக மாற்றுவதற்கான வழிதான் இது.

ஃபைல் சர்வர் செய்யும் வேலை லேசானது. கேட்ட ஃபைலை டிஸ்கிலிருந்து படித்து கேபிளில் அனுப்ப வேண்டும்; வருவதை வாங்கி டிஸ்கில் எழுத வேண்டும். 2010 வாக்கில் வந்த இரட்டைக் கோர் புராசஸருக்கு இது பெரிய பாரமே இல்லை. வீடியோவை அந்தந்தக் கருவிக்கு ஏற்றபடி உடனுக்குடன் மாற்றித் தருவது போன்ற வேலைகளை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள்.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெட்டி பழசாக இருக்கலாம், மதர்போர்டும் ராமும் பழசாக இருக்கலாம். ஃபைல்களைத் தாங்கப்போகும் டிஸ்க் மட்டும் நம்பிக்கையானதாக இருக்க வேண்டும். அதற்கு இன்னொரு பிரதியும் வேண்டும். கையில் இருக்கும் பணத்தை இந்த இரண்டுக்கும் ஒதுக்குங்கள்.

எந்தப் பெட்டி தேறும்

முதலில் புராசஸர் 64 பிட்டா என்று பாருங்கள். இன்டெல் கோர் 2 டியோ வந்த 2006க்குப் பிறகான மேசைக் கணினிகளில் அநேகமாக எல்லாமே 64 பிட்தான். ஏஎம்டியின் அத்லான் 64 அதற்கும் முன்பே, 2003இலேயே வந்துவிட்டது. 32 பிட் மட்டும் தெரிந்த கணினியை விட்டுவிடுங்கள். நாம் ஏற்றப்போகும் மென்பொருளுக்கு அடித்தளம் டெபியன் என்ற லினக்ஸ். 2025இல் வந்த அதன் 13ஆம் பதிப்பு, அத்தகைய கணினிகளுக்கான இன்ஸ்டாலரையே நிறுத்திவிட்டது.

ராம் 2 ஜிபி இருந்தால் ஓடும், 4 ஜிபி இருந்தால் நிம்மதியாக ஓடும். ட்ரூநாஸ் போன்ற பெரிய மென்பொருள்கள் குறைந்தது 8 ஜிபி கேட்பதால் இந்த வழிகாட்டியில் அவற்றைச் சேர்க்கவில்லை. டிஸ்கை மதர்போர்டில் மாட்டும் சாட்டா போர்ட் குறைந்தது இரண்டு வேண்டும்; மென்பொருளைத் தனி எஸ்எஸ்டியில் ஏற்றினால் மூன்று. சாட்டா இரண்டாம் தலைமுறையாக இருந்தாலும் கவலையில்லை. அதன் 3 ஜிகாபிட் வேகமே வீட்டு நெட்வொர்க்கின் 1 ஜிகாபிட்டைவிட அதிகம்.

நெட்வொர்க் போர்ட்டின் வேகத்தைக் கட்டாயம் பாருங்கள். 100 மெகாபிட் போர்ட்டில் விநாடிக்குச் சுமார் 11 எம்பிதான் போகும்; ஜிகாபிட்டில் 110 எம்பி வரை போகும். 500 ஜிபி ஃபைல்களை நகர்த்த முதலாவதில் பன்னிரண்டரை மணி நேரமும் இரண்டாவதில் ஒன்றேகால் மணி நேரமும் ஆகும். போர்ட் பழையதென்றால் ஒரு ஜிகாபிட் கார்டு வாங்கிச் செருகுங்கள்.

அடுத்தது மின்சாரம். சர்வர் வருஷம் முழுக்க ஓடப்போகிறது. சும்மா இருக்கும்போது 40 வாட் இழுக்கும் கணினி ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 350 யூனிட் தின்னும். பென்டியம் 4 காலத்துப் பெட்டி சும்மா இருந்தாலே இதைப்போல இரண்டு மடங்கு இழுக்கலாம். அப்படியானால் அதை விட்டுவிட்டு, சற்றுப் புதிய அலுவலகக் கணினி ஒன்றைத் தேடிப் பிடிப்பதே லாபம். பழைய லேப்டாப் மின்சாரத்தை மிகக் குறைவாகவே எடுக்கும். ஆனால் வருஷக்கணக்கில் சார்ஜிலேயே இருக்கும் பழைய பேட்டரி உப்பக்கூடும். கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். ஏற்கெனவே உப்பியிருந்தால் அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது.

மூடியைத் திறந்ததும்

பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு தூசியைக் காற்றடித்து வெளியேற்றுங்கள். காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுக்கடங்காமல் சுழன்றால் பேரிங் கெட்டுப்போகும்.

புராசஸரைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைகளைப் பாருங்கள். அவைதான் கெப்பாசிட்டர்கள். தலை தட்டையாக இருந்தால் நல்லது. தலை உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் எதாவது கசிந்து காய்ந்திருந்தாலோ அந்த போர்டை நம்ப வேண்டாம். 2000களின் முற்பகுதியில் தயாரான ஏராளமான போர்டுகள் இந்தக் கோளாறால்தான் செத்தன.

போர்டில் இருக்கும் சிஆர்2032 பொத்தான் பேட்டரியை யோசிக்காமல் மாற்றுங்கள். அது தீர்ந்திருந்தால் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கடிகாரமும், கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸின் அமைப்புகளும் அழிந்துவிடும். புராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருக்கும். துடைத்துவிட்டு அரிசியளவு புதிதாக வையுங்கள்.

டிஸ்குக்கு பவர் கொடுக்க சாட்டா முனை போதவில்லை என்றால் பலரும் பழைய மாலெக்ஸ் பவர் பிளக்கிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் அடாப்டரைப் போடுவார்கள். அதில் பிளாஸ்டிக்கை உருக்கி ஒரே வார்ப்பாகச் செய்த மலிவான வகை உண்டு. உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு எரிந்துபோன கதைகள் நிறைய. கம்பிகள் தனித்தனியே மேலிருந்து அழுத்திப் பொருத்தப்பட்ட வகையையே வாங்குங்கள். பவர் சப்ளையில் கருகல் வாசனையோ வினோதமான சத்தமோ வந்தால் அதை மாற்றியாக வேண்டும். அதை மட்டும் திறக்காதீர்கள். கேபிளைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் நிற்கும்.

பெட்டியை மூடும் முன் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளை ஒரு பென் டிரைவில் ஏற்றி, ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை தெரிந்தாலும் அந்த ராம் குச்சியைக் கழற்றுங்கள். ராம் கெட்டிருந்தால் ஃபைல்கள் சத்தமில்லாமல் கெடும். சர்வர் எந்தக் குறையும் சொல்லாது. சில வருஷம் கழித்து ஒரு படத்தைத் திறக்கும்போது பாதி சாம்பல் நிறமாக நிற்கும்.

டிஸ்கை விசாரிப்பது

நிரந்தரமாக வைக்கப்போகும் ஃபைல்களுக்குப் புது டிஸ்க் வாங்குங்கள். வாங்கும்போது அது தடங்கள் தனித்தனியே இருக்கும் சிஎம்ஆர் வகையா என்று கேளுங்கள். எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் ஓட்டுக்கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், தொடர்ந்து எழுதும்போது வேகம் தரைதட்டும். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க் என்றால் டிஸ்கைப் பகுதி பிரித்துக் குறிக்கும் பழைய எம்பிஆர் முறை அதை முழுதாகப் பயன்படுத்தாது, புதிய ஜிபிடி முறை வேண்டும். கீழே சொல்லும் மென்பொருள் அதைத் தானாகவே பார்த்துக்கொள்ளும்.

பழைய டிஸ்கை இரண்டாம் பிரதிக்கென்று வைத்துக்கொள்ள நினைத்தால், முதலில் அதன் ஸ்மார்ட் பதிவைப் படியுங்கள். ஒவ்வொரு டிஸ்கும் தன் உடம்பு விவரத்தைத் தானே எழுதி வைத்திருக்கும். அந்த நீளப் பட்டியலில் நான் பார்ப்பது ஐந்தே வரிகள். 9ஆம் எண் எத்தனை மணி நேரம் ஓடியது என்று சொல்லும். வருஷத்துக்கு 8,760 மணி என்று வகுத்தால் வயது தெரிந்துவிடும். 5ஆம் எண், கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் கணக்கு. 197, படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்பவை. 198, பரிசோதனையில் படிக்கவே முடியாமல் போனவை. இந்த மூன்றின் மூல மதிப்பும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 197இல் எண் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க் கிளம்பத் தயாராகிவிட்டது என்று அர்த்தம். ஐந்தாவது 199. அது ஏறினால் டிஸ்க் மேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் காரணம்.

பிறகு நீண்ட சுயபரிசோதனையை ஓட்டுங்கள். டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்ப்பதால் பல மணி நேரம் ஆகும். அவசரப்படாதீர்கள்.

பயாஸில் நான்கு மாற்றங்கள்

சாட்டா முறையை ஏஹெச்சிஐக்கு மாற்றுங்கள். மின்சாரம் போய்த் திரும்பினால் கணினி தானாக எழ வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீபோர்டு இல்லை என்று நின்றுவிடாதபடி பிழை நிறுத்தத்தை அணையுங்கள். பயன்படாத சவுண்ட், சீரியல் போர்ட் போன்றவற்றையும் அணைத்துவிடுங்கள்.

மென்பொருளை ஏற்றுவது

நான் பரிந்துரைப்பது ஓப்பன்மீடியாவால்ட். டெபியன் லினக்ஸின் மேல் கட்டப்பட்டது, இலவசம், சின்னக் கணினியிலும் ஓடும். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தெரியாதவரும் பிரவுசரிலேயே எல்லாவற்றையும் செய்துகொள்ளலாம். விண்டோஸ் கணினிகளோடு ஃபைல் பகிரும் வேலையை அதற்குள் இருக்கும் சம்பா செய்கிறது. ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991 கடைசியில் ஆஸ்திரேலியாவில் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பண்பட்டு வந்திருக்கிறது.

இந்த இன்ஸ்டாலர் ஒரு டிஸ்க் முழுவதையும் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். அதற்கு ஃபைல் டிஸ்கைக் கொடுக்காதீர்கள். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய சின்ன எஸ்எஸ்டி ஒன்று இருந்தால் போதும். பென் டிரைவிலும் ஏற்றலாம், ஆனால் ஓயாமல் எழுதுவதால் அது சீக்கிரம் தேய்ந்துவிடும்.

இன்ஸ்டாலர் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற மென்பொருள் மூலம் வேறொரு பென் டிரைவில் எழுதுங்கள். அடுத்த வாக்கியத்தை இரண்டு முறை படியுங்கள். இன்ஸ்டால் செய்யும் முன், ஃபைல் டிஸ்குகளின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். தப்பான டிஸ்கைத் தேர்ந்தெடுத்து அழித்துக்கொள்வது இந்த இடத்தில்தான் நடக்கும். கேபிளே இல்லாவிட்டால் தப்புக்கு வழியில்லை.

நெட்வொர்க் கேபிளைச் செருகி, பென் டிரைவிலிருந்து கணினியை எழுப்புங்கள். மொழி, நேர மண்டலம், கணினிக்கு ஒரு பெயர், ரூட் என்ற முழு அதிகாரக் கணக்கின் கடவுச்சொல் என்று கேட்டுக்கொண்டே போகும். முடிந்து மறுபடி எழுந்ததும் திரையில் ஒரு ஐபி முகவரி தெரியும், 192.168.1.50 என்பதுபோல. குறித்துக்கொண்டு கணினியை அணையுங்கள். ஃபைல் டிஸ்குகளைத் திரும்ப மாட்டி, மறுபடி எழுப்புங்கள். இனி அதற்கு மானிட்டரும் கீபோர்டும் வேண்டாம்.

பிரவுசரில் முதல் அரை மணி நேரம்

வேறொரு கணினியின் பிரவுசரில் அந்த முகவரியை அடியுங்கள். பயனர் பெயர் ‘அட்மின்’; கடவுச்சொல், இடைவெளியில்லாமல் சின்ன ஆங்கில எழுத்துகளில் அந்த மென்பொருளின் பெயரேதான். இது உலகத்துக்கே தெரிந்த கடவுச்சொல் என்பதால் உள்ளே போனதும் அதை மாற்றுங்கள்.

இங்கே பழகாதவர்களைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. எதை மாற்றினாலும் ‘சேவ்’ அழுத்துவதோடு வேலை முடியாது. மேலே ஒரு பட்டை தோன்றும். அதில் இருக்கும் டிக் குறியை அழுத்தினால்தான் மாற்றம் அமலுக்கு வரும். அமைத்தது எதுவும் வேலை செய்யவில்லை என்று தோன்றினால் முதலில் அந்தப் பட்டையைப் பாருங்கள்.

அடுத்து உங்கள் ரவுட்டருக்குள் போய், சர்வரின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் போர்ட்டின் அடையாள எண்) ஒரே ஐபி நிரந்தரமாகக் கிடைக்கும்படி ஒதுக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒருநாள் முகவரி மாறிவிடும், வீட்டில் எல்லாரும் ‘சர்வர் காணோம்’ என்பார்கள்.

பிறகு ‘ஸ்டோரேஜ்’ பகுதியில் ‘டிஸ்க்ஸ்’. புது டிஸ்கைத் தேர்ந்து ‘வைப்’ செய்யுங்கள். கொள்ளளவையும் சீரியல் எண்ணையும் டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் தாளோடு ஒப்பிட்ட பிறகு அழுத்துங்கள். ‘ஃபைல் சிஸ்டம்ஸ்’ பகுதியில் எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் ஃபைல் அமைப்பை உருவாக்கி மவுன்ட் செய்யுங்கள், அதாவது பயன்பாட்டுக்கு இணையுங்கள். ‘ஸ்மார்ட்’ பகுதியில் கண்காணிப்பை இயக்கி, வாரம் ஒரு சின்னப் பரிசோதனையும் மாதம் ஒரு நீண்ட பரிசோதனையும் நேரம் குறித்து வையுங்கள். ‘நோட்டிஃபிகேஷன்’ பகுதியில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுங்கள். டிஸ்க் தடுமாறும்போது கடிதம் வந்து சேர வேண்டும். ஜிமெயில் என்றால் வழக்கமான கடவுச்சொல் செல்லாது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, செயலிக்கென்று அது தரும் 16 எழுத்துக் கடவுச்சொல்லைப் போட வேண்டும்.

ஃபோல்டரும் ஆட்களும்

ஃபோல்டர்களைக் குறைவாக வையுங்கள். படங்கள், ஆவணங்கள், ஆளுக்கொரு தனி ஃபோல்டர். இது போதும். ‘ஷேர்டு ஃபோல்டர்ஸ்’ பகுதியில் இவற்றை உருவாக்குங்கள். ‘யூசர்ஸ்’ பகுதியில் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. பிறகு எந்த ஃபோல்டரில் யார் எழுதலாம், யார் படிக்க மட்டும் செய்யலாம், யாருக்கு அனுமதியே இல்லை என்று குறியுங்கள். பக்கத்தில் ‘ஏசிஎல்’ என்று இன்னொன்று இருக்கும். வீட்டுக்கு அது தேவைப்படாது. தொட்டால் அனுமதிகள் சிக்கலாகி, அவிழ்க்க ஒரு நாள் போய்விடும்.

கடவுச்சொல் இல்லாமல் விருந்தினராக எல்லாரையும் விடலாமே என்று தோன்றும். வேண்டாம். விண்டோஸின் பல புதிய பதிப்புகள் அத்தகைய இணைப்பை ஏற்பதில்லை. அதைவிட முக்கியம், ஒரு லேப்டாப்பில் வைரஸ் புகுந்தால் அது எழுத முடிகிற எல்லாவற்றையும் சிதைத்துவிடும். பழைய படங்கள் ஃபோல்டரை எல்லாருக்கும் படிக்க மட்டும் என்று வைத்து, எழுதும் உரிமையைத் தனியாக ஒரே கணக்குக்குக் கொடுங்கள்.

ஃபைல் பகிரும் முறையான ‘எஸ்எம்பி’ சேவையை இயக்கி, ஃபோல்டர்களை அதில் சேருங்கள். ஒவ்வொன்றிலும் ரீசைக்கிள் பின்னை இயக்குவது நல்லது. நெட்வொர்க் வழியாக அழிக்கும் ஃபைல் விண்டோஸின் குப்பைத்தொட்டிக்குப் போகாது. இதை இயக்காவிட்டால் போனது போனதுதான். பழைய டிவிக்காகவோ பிரின்டருக்காகவோ எஸ்எம்பி முதல் பதிப்பைத் திரும்ப இயக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை உலகம் முழுக்கப் பரவியது அந்தப் பழைய பதிப்பின் ஓட்டை வழியாகத்தான்.

விண்டோஸில் ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு ஐபியை அடித்தால் ஃபோல்டர்கள் தெரியும். மேக்கில் ஃபைண்டரின் ‘கனெக்ட் டு சர்வர்’. ஆண்ட்ராய்டில் எஸ்எம்பி தெரிந்த ஃபைல் மேனேஜர் ஏதாவது ஒன்று. ஐஃபோனில் ‘ஃபைல்ஸ்’ செயலியே போதும். விண்டோஸ் ஒரே நேரத்தில் ஒரே சர்வரோடு இரண்டு பெயர்களில் பேசாது. கணக்கை மாற்றியும் ‘அனுமதி இல்லை’ என்றே வந்தால், சேமித்து வைத்த பழைய பெயரை அழித்து, வெளியேறி மறுபடி நுழையுங்கள்.

வேகம் 11இல் நின்றால்

என் முதல் சர்வரில் எல்லாம் சரியாக அமைந்தும் வேகம் விநாடிக்கு 11 எம்பியைத் தாண்டவில்லை. டிஸ்க் மேல் சந்தேகப்பட்டேன், சம்பா அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன், இரண்டு ராத்திரி போனது. கடைசியில் சர்வரின் நெட்வொர்க் போர்ட்டைக் குனிந்து பார்த்தபோது விளக்கின் நிறம் வேறாக இருந்தது. ஜிகாபிட் ஓடக் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். என் கேபிளில் ஒரே ஒரு கம்பி கதவிடுக்கில் நசுங்கி அறுந்திருந்தது. இணைப்பு துண்டிக்கப்படவே இல்லை, சத்தமில்லாமல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. கேபிளை மாற்றியதும் எண் 108க்குத் தாவியது. அன்றிலிருந்து 11 என்ற எண்ணைக் கண்டாலே முதலில் கேபிளைத்தான் தொடுகிறேன்.

சர்வரை வைஃபையில் மட்டும் மாட்டாதீர்கள். ரவுட்டர் பக்கத்திலேயே வைத்துக் கேபிளால் இணையுங்கள். காற்றோட்டம் வேண்டும். டிஸ்க் 40 டிகிரி செல்சியஸ் ஒட்டி இருப்பது நல்லது, 50 தாண்டினால் இன்னொரு ஃபேன் போடுங்கள்.

ஃபைல்களை நகர்த்தும்போது

எப்போதும் காப்பி, ஒருபோதும் கட் வேண்டாம். நடுவில் மின்சாரம் போனால் எது எங்கே நின்றது என்று தெரியாது. காப்பி முடிந்ததும் இரு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையையும் மொத்த பைட்டையும் ஒப்பிடுங்கள். அங்கங்கே பத்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். மூலத்தை ஒரு மாதமாவது அழிக்காதீர்கள்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்ட்4இல் ஒரு பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். துணைக்காலும் கொம்பும் புள்ளியும்கூடத் தனித்தனிக் குறிகள். ‘புகைப்படம்’ என்பது கண்ணுக்கு ஆறு எழுத்து, உள்ளே பத்துக் குறிகள், 30 பைட். ஆக, மொத்தம் 85 குறிகள், கண்ணுக்கு ஏறக்குறைய ஐம்பது எழுத்து, அவ்வளவுதான் இடம். விண்டோஸ் டிஸ்கில் இந்தக் கணக்கு வேறு என்பதால் அங்கே நன்றாக இருந்த நீளப் பெயர் இங்கே ஏற மறுக்கும். காப்பி பாதியில் நின்றால் நின்ற இடத்துப் பெயரைப் பாருங்கள்.

இரண்டாம் பிரதி

இரண்டு டிஸ்க் இருந்தால் ரெய்டு போட்டுக் கண்ணாடிபோல வைக்கலாமே என்று எல்லாரும் கேட்பார்கள். இரண்டு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு 1, ஒரு டிஸ்க் செத்தாலும் சர்வரை ஓட வைக்கும். ஆனால் நீங்கள் தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் அந்த நொடியே இரண்டு டிஸ்கிலும் அழியும். வீட்டு சர்வர் ஒரு நாள் நின்றால் ஒன்றும் கெடாது; படங்கள் போனால் திரும்ப வராது. அதனால் வீட்டுக்கு நான் ரெய்டைச் சொல்வதில்லை. இரண்டாவது டிஸ்கைத் தனியாக வைத்து, ராத்திரி தோறும் ஆர்சிங்க் என்ற கருவி மூலம் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். அதில் ‘டிலீட்’ என்ற தேர்வை அணைத்தே வையுங்கள். இயக்கினால் மூலத்தில் அழிந்தது பிரதியிலும் அழியும். டிலீட் அணைந்திருந்தாலும், சிதைந்த ஃபைல் நல்ல ஃபைலின் மேல் எழுதப்படும் ஆபத்து மிச்சமிருக்கிறது. பழைய பதிப்புகளையும் அடுக்கி வைக்கும் போர்க் பேக்கப்பை, ஆர்சிங்க் பழகிய பிறகு கற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, ஒரு யூஎஸ்பி டிஸ்க். மாதம் ஒரு முறை மாட்டி, பிரதி எடுத்து, கழற்றி வேறு வீட்டில் வைத்துவிடுங்கள். தீயோ திருட்டோ இடியோ வந்தால் பெட்டிக்குள் இருக்கும் இரண்டு டிஸ்கும் ஒன்றாகவே போகும். மின்சாரம் அடிக்கடி போகும் இடமென்றால் யூபிஎஸ் போட்டு, அதன் யூஎஸ்பி கேபிளை சர்வரில் செருகி, நட் என்ற பிளகினை ஏற்றுங்கள். பேட்டரி தீரும் முன் சர்வர் தானே ஒழுங்காக அணையும்.

வெளியூரிலிருந்து ஃபைல் வேண்டுமென்று ரவுட்டரில், எஸ்எம்பி பயன்படுத்தும் 445ஆம் போர்ட்டைத் திறக்கவே கூடாது. திறந்த சில மணி நேரத்துக்குள் யார் யாரோ தட்டத் தொடங்குவார்கள். வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் (பூட்டிய தனிப்பாதை) வழியாக வீட்டு நெட்வொர்க்குக்குள் வந்து, அங்கிருந்து எடுங்கள்.

கடைசி வேலை, யூஎஸ்பி பிரதியைச் சோதிப்பது. அந்த டிஸ்கை சர்வரிலிருந்து கழற்றி, வேறொரு கணினியில் லினக்ஸ் லைவ் பென் டிரைவ் போட்டு எழுப்பி, டிஸ்கை அதில் மாட்டுங்கள். சர்வர் செத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, போன வருஷத்து ஃபோல்டர் ஒன்றை அதிலிருந்து எடுத்துப் பாருங்கள். படம் திறக்கிறதா, வீடியோ கடைசிவரை ஓடுகிறதா, ஆவணத்தின் எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இன்றைய தேதியை ஒரு தாளில் எழுதி அந்த டிஸ்க் மேல் ஒட்டுங்கள். மூன்று மாதம் கழித்து இதே சோதனையைத் திரும்பச் செய்துவிட்டு தேதியை மாற்றுங்கள்.